திரையிலிருந்து தொடங்குங்கள்: விளையாட்டுக் கணினிக்குப் பிராசசரும் ரேமும் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு அக்கா மகன் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்விட்டு, ஒரு கடையில் எழுதி வாங்கிய விலைச்சீட்டை என்னிடம் நீட்டினான். அரைத்தாளில் "ஐ7, 16 ஜிபி, 1 டிபி, கேமிங் கேபினெட்" என்று எழுதி, கீழே மொத்தத் தொகையைப் போட்டு அதைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்திருந்தார்கள். எந்தத் தலைமுறை ஐ7? 16 ஜிபி ஒரே ஸ்டிக்கா, இரண்டா? ரேமின் வேகம் என்ன? மதர்போர்டு எது? ஒன்றுக்கும் விடை இல்லை. கிராபிக்ஸ் கார்டு என்ற சொல்லையே காணோம்.

"ஐ7 என்றால் நல்லதுதானே மாமா?" என்றான்.

மாப்பிள்ளை இன்ஜினியர் என்று சொல்வது போலத்தான் அது. எந்த ஊரில், என்ன வேலையில் என்று விசாரிக்காமல் யாராவது தட்டு மாற்றிக்கொள்வார்களா?

நானும் ஒரு காலத்தில் விசாரிக்காமல் தட்டு மாற்றியவன்தான். ரைசன் 5 3600 பிராசசரோடு 16 ஜிபி ரேமை ஒற்றை ஸ்டிக்காக ஒரு கடைக்காரர் என் தலையில் கட்டினார். பெட்டியின் மேல் 3200 என்று போட்டிருந்தது. ஓராண்டு கழித்துத்தான் அது 2400 வேகத்தில், ஒற்றைத் தடத்தில் ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தேன். அதுவரை படம் திக்கித் திக்கி வந்தபோதெல்லாம் கிராபிக்ஸ் கார்டைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். அக்கா மகனுக்கு அன்று மாலை சொன்னதைத்தான் இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

முதல் படி: திரையைப் பாருங்கள்

பிராசசரைத் தேர்வு செய்யும் வேலை பிராசசரில் தொடங்குவதில்லை. உங்கள் மேசையில் இருக்கும் திரையில், அல்லது வாங்கப்போகும் திரையில் தொடங்குகிறது. அது நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கும்? 60 ஹெர்ட்ஸ் என்றால் ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கும் அவகாசம் 16.7 மில்லி நொடி. 144 ஹெர்ட்ஸ் என்றால் 6.9. 240 என்றால் 4.2. அந்த அவகாசத்துக்குள் ஒரு படத்துக்கான கணக்கு முழுவதையும் பிராசசர் முடித்தாக வேண்டும்.

மார்கழிக் கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளி வைத்துக் கோடு இழுப்பவர் பிராசசர். வண்ணப்பொடி நிரப்புபவர் கிராபிக்ஸ் கார்டு. எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எந்தச் சுவரில் பட்டது, எந்தக் கதவு திறந்திருக்கிறது என்பவையெல்லாம் புள்ளிக் கணக்கு. அதே கோலத்தைப் பெரிய வாசலில் போட்டால் பொடி நிரப்புபவருக்குத்தான் இடுப்பு ஒடியும். புள்ளிகளின் எண்ணிக்கை மாறாது. திரையின் துல்லியத்தை 1080-இலிருந்து 1440-க்கோ 4கே-க்கோ உயர்த்தும்போது நடப்பதும் இதுதான். கிராபிக்ஸ் கார்டின் சுமை ஏறுகிறது. பிராசசரின் வேலை ஏறக்குறைய அப்படியே இருக்கிறது.

ஆகவே 4கே திரையில் 60 ஹெர்ட்ஸில் விளையாடுபவருக்கு நடுத்தரப் பிராசசரே தாராளம். மிச்சப் பணம் முழுவதும் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகட்டும். 1080 திரையில் 240 ஹெர்ட்ஸ் வேண்டும் என்பவர்தான் பிராசசருக்குக் கை தாராளமாகச் செலவழிக்க வேண்டியவர். கடைகளில் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: விலை உயர்ந்த பிராசசர், பேருக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு, 75 ஹெர்ட்ஸ் திரை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்ற உத்திகள் படத்தைச் சிறியதாக வரைந்து பிறகு பெரிதாக்குகின்றன. அவற்றை இயக்கினால் 4கே திரையிலும் உள்ளே நடப்பது சின்ன வாசல் கோலம்தான். அப்போது பிராசசரின் வரம்பு மீண்டும் எட்டிப் பார்க்கும். ஒளியும் நிழலும் விழும் பாதையைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங்கும் பிராசசருக்குக் கூடுதல் வேலை வைக்கும். திரை 4கே என்பதற்காக ஒரேயடியாக மலிவான பிராசசருக்கு இறங்கிவிட வேண்டாம்.

இரண்டாம் படி: என்ன விளையாடுகிறீர்கள்?

வேலோரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டி விளையாட்டுகளில் காட்சி எளிமையானது. அங்கே நொடிக்கு எத்தனை படம் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பிராசசர்தான். நகரம் கட்டும் விளையாட்டுகளும் விமான விளையாட்டுகளும் இன்னொரு வகை. சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் 2-இல் மக்கள்தொகை கூடக் கூட ஒவ்வொருவரும் எங்கே போகிறார் என்று கணக்கிட்டே பிராசசர் களைத்துப்போகும். சைபர்பங்க் 2077 போன்ற கண்ணைப் பறிக்கும் கதை விளையாட்டுகளில் பளு முதலில் கிராபிக்ஸ் கார்டின் மேல்தான் விழும். ஒரு தாளில் நீங்கள் உண்மையாகவே விளையாடும் மூன்று விளையாட்டுகளை எழுதுங்கள். என்றைக்காவது விளையாடலாம் என்று நினைப்பவற்றை எழுத வேண்டாம்.

மூன்றாம் படி: இருக்கும் கணினியைச் சோதியுங்கள்

ஏற்கெனவே கணினி இருந்தால், புதிதாக வாங்கும் முன் ஒரு சோதனை. பத்து நிமிடம் போதும். விளையாட்டை வழக்கமான அமைப்பில் ஓட்டி, நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு திரைத் துல்லியத்தை 720-க்குக் குறைத்து அதே இடத்தில் மீண்டும் பாருங்கள். எண்ணிக்கை சட்டென்று உயர்ந்தால் தடையாக இருந்தது கிராபிக்ஸ் கார்டு. அசையாமல் அங்கேயே நின்றால் தடை பிராசசரிலோ ரேமிலோ இருக்கிறது.

டாஸ்க் மேனேஜரில் பிராசசர் 40 சதவீதம்தான் வேலை செய்கிறது என்று காட்டுவதை நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம். அது பிராசசருக்குள் தனித்தனியே வேலை செய்யும் பகுதிகளான எல்லாக் கோர்களின் சராசரி. ஆறு கோர்களில் ஒன்று மூச்சு முட்ட ஓடிக்கொண்டிருக்க, மற்றவை திண்ணையில் உட்கார்ந்திருந்தாலும் சராசரி குறைவாகத்தான் தெரியும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற இலவச மென்பொருளில் கிராபிக்ஸ் கார்டின் பயன்பாட்டைப் பாருங்கள். அது 97, 98 சதவீதத்தில் இருந்தால் பிராசசர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்று பொருள். புதுப் பிராசசருக்குச் செலவழிப்பது வீண்.

சராசரியை மட்டும் பார்க்காமல், மிக மோசமான ஒரு சதவீதப் படங்கள் எந்த வேகத்தில் வந்தன என்பதையும் பாருங்கள். சராசரி 120, அடிமட்டம் 35 என்றால் கண்ணுக்குத் தெரிவது அந்த 35-தான். எனக்கு நடந்தது அதுவே. அந்தத் திக்கலுக்குப் பிராசசரும் ரேமும்தான் பல நேரம் காரணம்.

நான்காம் படி: பெயரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ரிச்சி தெருவில் பாதி வியாபாரம் பெயரில்தான் நடக்கிறது. ஐ3, ஐ5, ஐ7 என்பது ஒரு தலைமுறைக்குள் உள்ள அந்தஸ்து. தலைமுறைகளுக்கு இடையே அதற்கு மதிப்பில்லை. ஐ7-4770 வந்தது 2013-இல்: நான்கு கோர், எட்டு திரெட் (ஒரே நேரத்தில் கவனிக்கும் வேலைகளின் எண்ணிக்கை). ஐ3-12100எஃப் வந்தது 2022-இல்: அதுவும் நான்கு கோர், எட்டு திரெட். ஆனால் இந்தச் சின்ன ஐ3 அந்தப் பழைய ஐ7-ஐ எளிதில் முந்திவிடும். போதாக்குறைக்கு அந்த ஐ7, விண்டோஸ் 11-க்கான ஆதரவுப் பட்டியலில் இல்லை. இன்டெல் தரப்பில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அந்தப் பட்டியல் தொடங்குகிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-இல் வேலோரன்ட் விளையாட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் கட்டாயம். அக்கா மகனின் சீட்டில் இருந்த ஐ7 எந்தத் தலைமுறை என்று கடைக்குப் போன் போட்டுக் கேட்டோம். "நல்ல ஓட்டம் சார்" என்று பதில் வந்தது.

இன்டெல் பெயரில் ஐ5-க்குப் பிறகு வரும் எண் ஐந்து இலக்கம் என்றால் முதல் இரண்டு இலக்கங்கள்தான் தலைமுறை: 12400 என்றால் பன்னிரண்டு. நான்கு இலக்கம் என்றால் முதல் இலக்கம் மட்டும்: 4770 என்றால் நான்கு. கடைசியில் எஃப் இருந்தால் உள்ளே திரைக்குப் படம் அனுப்பும் பகுதி கிடையாது; தனிக் கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் தெரியாது. கே இருந்தால் வேகத்தைக் கூட்டிக்கொள்ள அனுமதி உண்டு. அதோடு சூடும் மின்செலவும் கூடும்.

ரைசன் பிராசசர்களைத் தயாரிக்கும் ஏஎம்டியின் பெயர்களில் இருக்கும் பொறி இன்னும் நுட்பமானது. ரைசன் 5 5500, ரைசன் 5 5600 இரண்டும் அண்ணன் தம்பி போலத் தெரியும். இரண்டிலும் ஆறு கோர், பன்னிரண்டு திரெட். ஆனால் 5600-இல் மூன்றாம் நிலைக் கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகம்) 32 எம்பி. 5500-இல் பாதி, 16 எம்பி. கிராபிக்ஸ் கார்டோடு பேசும் பாதையும் 5600-இல் நான்காம் தலைமுறை, 5500-இல் மூன்றாம் தலைமுறை. ஜி என்று முடியும் 5600ஜி-யிலும் இதே குறைகள். ஆனால் அதற்குள்ளேயே கிராபிக்ஸ் உண்டு. கார்டு வாங்கப் பணம் சேரும்வரை சிறிய விளையாட்டுகளை அதில் ஓட்டலாம். கார்டு வாங்கப்போவது உறுதி என்றால் ஜி வேண்டாம்.

ஐந்தாம் படி: கேஷ் என்பது கல்லாப்பெட்டிக் காசு அல்ல

விளையாட்டுக்குப் பிராசசர் வாங்கும்போது கோர்களின் எண்ணிக்கையை விட நான் அதிகம் மதிப்பது கேஷ் நினைவகத்தைத்தான். சமையலறையில் அஞ்சறைப் பெட்டி எதற்கு இருக்கிறது? கடுகு தாளிக்கும் நேரத்தில் தெருமுனை அண்ணாச்சி கடைக்கு ஓட முடியாது என்பதற்காக. பிராசசருக்குள் இருக்கும் கேஷ்தான் அந்த அஞ்சறைப் பெட்டி. வெளியே இருக்கும் ரேம், அண்ணாச்சி கடை. கோப்புகள் தங்கும் எஸ்எஸ்டி, கோயம்பேடு சந்தை. மூன்றாம் நிலைக் கேஷிலிருந்து ஒரு தகவலை எடுக்க ஏறக்குறைய 10 நானோ நொடி ஆகிறது. ரேம் வரை போய் வர 70, 80 நானோ நொடி ஆகிவிடும். விளையாட்டுகள் அதே தகவல்களைத் திரும்பத் திரும்பக் கேட்பவை. பெட்டி பெரிதாக இருந்தால் கடைக்கு நடை மிச்சம்.

ஏஎம்டியின் எக்ஸ்3டி பிராசசர்கள் செய்வது இதுதான். வழக்கமான எட்டுக் கோர் ரைசனில் 32 எம்பி மூன்றாம் நிலைக் கேஷ். அதோடு இன்னொரு அடுக்கு நினைவகத்தைச் சேர்த்து 96 எம்பி ஆக்கினார்கள். 2022 ஏப்ரலில் 5800எக்ஸ்3டி, 2023 ஏப்ரலில் 7800எக்ஸ்3டி, 2024 நவம்பரில் 9800எக்ஸ்3டி. முதல் இரண்டிலும் அந்த அடுக்கு கோர்களின் தலைமேல் போர்வை போல உட்கார்ந்திருந்தது. சூடு வெளியேறச் சிரமப்பட்டது. 9800எக்ஸ்3டி-யில் அதைக் கோர்களுக்கு அடியில் கொண்டுபோனார்கள். அதனால் வேகத்தையும் கூட்ட முடிந்தது.

எல்லோருக்கும் எக்ஸ்3டி தேவையா? இல்லை. 144 ஹெர்ட்ஸுக்கு மேல் போட்டி விளையாட்டு ஆடுபவர்களுக்கும், நகரம் கட்டும் விளையாட்டிலும் விமான விளையாட்டிலும் ஊறியவர்களுக்கும் அது கொடுத்த காசுக்கு ஈடு தரும். மற்றவர்களுக்கு இன்றைய ஆறு கோர் பிராசசரே போதும். பதினாறு கோர் என்பது வீடியோ தொகுப்பவர்களுக்கு. விளையாட்டுக்கு அது பந்தியில் ஒருவர் உட்கார இருபது இலை போட்ட கதை.

ஆறாம் படி: சாக்கெட்டை முடிவு செய்யுங்கள்

பிராசசர் உட்காரும் சாக்கெட்தான் உங்கள் அடுத்த ஐந்து ஆண்டுகளைத் தீர்மானிக்கிறது. அதோடு ரேமின் வகையும் (பழைய டிடிஆர்4-ஆ, புதிய டிடிஆர்5-ஆ) முடிவாகிவிடுகிறது.

ஏஎம்4: 2017-இல் முதல் ரைசனோடு பரவியது. டிடிஆர்4 மட்டும். புதிதாகக் கட்டுபவர்களுக்கு இது பாதையின் முடிவு. ஆனால் வீட்டில் ஏற்கெனவே பி450 மதர்போர்டு வைத்திருப்பவர்களுக்கு இதைப் போலச் சிக்கனமான வழி வேறில்லை. பழைய ரைசன் 1600-ஐயோ 2600-ஐயோ கழற்றிவிட்டு, போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்து, 5600-ஐ வைத்தால் ரேமும் போர்டும் அப்படியே இருக்கும். கணினி புதுப்பிறவி எடுக்கும்.

எல்ஜிஏ 1700: இன்டெலின் 12, 13, 14-ஆம் தலைமுறைகள். டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. ஒரே போர்டில் இரண்டையும் கலக்க முடியாது. ஐ5-12400எஃப் இன்றும் நல்ல சரக்கு. 13, 14-ஆம் தலைமுறைகளைப் பழையதாக வாங்குவதாக இருந்தால் கவனம் தேவை. அவற்றில் பலவற்றில் மின்னழுத்தம் அளவுக்கு மீறிப் போனதால் பிராசசரே நாளடைவில் தேய்ந்துபோகும் பிரச்சினை 2024-இல் பெரிதாக வெடித்தது. ஆகஸ்டில் 0எக்ஸ்129 என்ற திருத்தத்தை இன்டெல் வெளியிட்டது. பாதிக்கப்பட்ட வகைகளுக்கு வாரண்டியை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. திருத்தம் இனிமேல் வரும் தேய்மானத்தைத் தடுக்கும். ஏற்கெனவே தேய்ந்ததை மீட்காது. முன்பு வைத்திருந்தவர் பயாஸைப் புதுப்பித்தாரா என்று நமக்கு எப்படித் தெரியும்?

எல்ஜிஏ 1851: 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கானது, டிடிஆர்5 மட்டும். மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறது. விளையாட்டில் மட்டும் தன் முந்தைய தலைமுறையையே பல இடங்களில் முந்த முடியாமல் தடுமாறியது. விளையாட்டு ஒன்றுதான் நோக்கம் என்றால் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஏஎம்5: 2022-இல் வந்தது, டிடிஆர்5 மட்டும். குறைந்தது 2027 வரை இதே சாக்கெட்டில் புதுப் பிராசசர்கள் வரும் என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. புதிதாகக் கட்டுபவருக்கு என் தேர்வு இதுதான். இன்று ரைசன் 5 7600, அல்லது உள்ளே கிராபிக்ஸ் இல்லாத 7500எஃப். சில ஆண்டுகள் கழித்து எக்ஸ்3டி ஒன்றை அதே போர்டில் மாற்றிக்கொள்ளலாம்.

ஏழாம் படி: சென்னை வெயிலைக் கணக்கில் சேருங்கள்

இணையத்தில் வெளிநாட்டவர் வெளியிடும் சோதனைகளில் அறையின் வெப்பம் பெரும்பாலும் 21, 22 டிகிரி. கத்திரி வெயிலில், மொட்டை மாடிக்கு அடியில், ஏசி இல்லாத அறையில் மாலை நேரத்தில் 35 டிகிரி என்பது நமக்குச் சாதாரணம். பிராசசரின் சூடு அறைச் சூட்டின் மேல் ஏறி உட்காருவது. அங்கே 78 டிகிரி காட்டியது இங்கே 90-ஐத் தாண்டப் பார்க்கும். 7800எக்ஸ்3டி-க்கு வரம்பு 89 டிகிரி, 7600-க்கு 95. வரம்பைத் தொட்டதும் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எரிந்துபோகாது. ஆனால் காசு கொடுத்து வாங்கிய வேகம் கோடையில் கைக்கு வராது.

அதனால் ஏசி இல்லாத அறைக்கு 65 வாட் வகுப்புப் பிராசசரே உத்தமம். 7600, 12400எஃப் பெட்டிகளோடு வரும் விசிறி வேலையை முடித்துவிடும். நம் ஊருக்கு நான் ஒரு தனிக் கூலரைச் சேர்த்தே கணக்குப் போடுவேன். எக்ஸ்3டி பெட்டிகளில் கூலர் வராது. அந்தச் செலவைத் தொடக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஐ9-14900கே போன்றவை முழு வேகத்தில் 253 வாட் வரை இழுக்கும். மே மாதத்தில் அது கணினி அல்ல, குமுட்டி அடுப்பு.

எட்டாம் படி: ரேம்

முதலில் அளவு. 8 ஜிபி இனி விளையாட்டுக்கு உதவாது. 16 ஜிபி குறைந்தபட்சம். 32 ஜிபி இருந்தால் பின்னால் உலாவியும் அரட்டைச் செயலியும் திறந்திருந்தாலும் கவலை இல்லை. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2024 பரிந்துரைக்கும் அளவே 32 ஜிபி. அதற்கு மேல் 64 ஜிபி என்பது பெரும்பாலோருக்கு அலங்காரம்.

அடுத்து எண்ணிக்கை. இரண்டு ஸ்டிக். இதில் பேரமே வேண்டாம். ஒரு ஸ்டிக் ஒரு நேரத்தில் 64 பிட் அகலத்தில் பேசுகிறது; இரண்டு ஸ்டிக் 128 பிட். டிடிஆர்4 3200 ஒற்றை ஸ்டிக் நொடிக்கு 25.6 ஜிபி கடத்தும், இரட்டை 51.2. டிடிஆர்5 6000 இரட்டையாக இருந்தால் 96. ஒரு கடையில் என்னிடமே, "டிடிஆர்5-இல் உள்ளேயே இரட்டைத் தடம் இருக்கிறது சார், ஒன்றே போதும்" என்றார்கள். பாதி உண்மை. டிடிஆர்5 ஸ்டிக்குக்குள் இரண்டு தடங்கள் உண்டுதான். ஆனால் அவை தலா 32 பிட். 32-ஐயும் 32-ஐயும் கூட்டினால் மறுபடியும் 64. உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள பிராசசர் வாங்குபவர்களுக்கு இது உயிர்நாடி, ஏனென்றால் அதன் கிராபிக்ஸ் ரேமிலிருந்தேதான் உண்கிறது.

பிறகு வேகமும் தாமதமும். பெட்டியில் 6000 போன்ற பெரிய எண்ணோடு சிஎல்30, சிஎல்36 என்று ஒரு சின்ன எண்ணும் இருக்கும். சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் ரேமின் பங்குக்கான தாமதம் நானோ நொடியில் கிடைக்கும். கடை வாசலில் நின்றே போனில் போட்டுப் பார்க்கலாம். டிடிஆர்4 3200 சிஎல்16 என்றால் 10. டிடிஆர்4 3600 சிஎல்18 என்றாலும் 10. டிடிஆர்5 6000 சிஎல்30 என்றாலும் அதே 10, ஆனால் கடத்தும் அளவு ஏறக்குறைய இருமடங்கு. டிடிஆர்5 6000 சிஎல்40 என்றால் 13.3. டிடிஆர்5 5600 சிஎல்46 என்றால் 16.4. இந்தக் கடைசி வகையைத்தான் மலிவு விலையில் தள்ளுவார்கள். ஏஎம்4-க்கு 3200 சிஎல்16 அல்லது 3600 சிஎல்18, ஏஎம்5-க்கு 6000 சிஎல்30 அல்லது சிஎல்36: இதற்கு மேல் போவது ஆர்வலர்களின் விளையாட்டு. எக்ஸ்3டி வாங்குபவர்கள் ரேமில் கொஞ்சம் சிக்கனம் பிடித்தாலும் பாதகமில்லை; அஞ்சறைப் பெட்டி பெரிது அல்லவா.

நான்கு ஸ்டிக் வேண்டாம், குறிப்பாக டிடிஆர்5-இல். ரைசன் 7000 வரிசையில் நான்கு ஸ்டிக் போட்டால் ஏஎம்டி அதிகாரபூர்வமாக உறுதியளிக்கும் வேகம் 3600 மட்டுமே. இப்போது இரண்டு, பிறகு இரண்டு என்று திட்டம் போடாதீர்கள்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. 2025-இன் பிற்பகுதியிலிருந்து ரேம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்காக நினைவகச் சில்லு நிறுவனங்கள் உற்பத்தியை அந்தப் பக்கம் திருப்பிவிட்டன. மைக்ரான் நிறுவனம் தன் குரூஷியல் நுகர்வோர் வணிகத்தையே நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. இந்த நிலையில் 32 ஜிபி கைக்கு எட்டவில்லை என்றால் இரண்டு 8 ஜிபி ஸ்டிக்குகளோடு தொடங்குங்கள். 8 ஜிபி டிடிஆர்5 ஸ்டிக், 16 ஜிபி ஸ்டிக்கை விடச் சற்று மெதுவானது என்பது உண்மைதான். ஆனாலும் ஒற்றை 16-ஐ விட அதுவே மேல். டிடிஆர்4 என்றால் பழைய ரேமுக்கு நான் தயங்க மாட்டேன். ரேம் எளிதில் தேயும் பொருள் அல்ல. மெம்டெஸ்ட்86-ஐ ஓர் இரவு ஓட்டிப் பார்த்து ஒரு பிழைகூட இல்லையென்றால் வைத்துக்கொள்ளலாம். பழைய மதர்போர்டு மட்டும் எனக்கு ஆகாது. கடற்கரையோர வீடுகளின் உப்புக்காற்று அதை என்ன செய்திருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது.

ஒன்பதாம் படி: ரிச்சி தெருவில்

ஒரு காலத்தில் ரேடியோ உதிரிப்பாகங்களுக்குப் பெயர்போன தெரு. அண்ணா சாலைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே நரசிங்கபுரம் தெருவோடு பின்னிக் கிடக்கிறது. அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். வண்டியில் போனால் நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். வார நாளில் காலையில் போனால் கடைக்காரர் நின்று பேசுவார்.

ஒவ்வொரு பொருளின் முழுப் பெயரையும் நீங்களே எழுதிக் கொண்டுபோங்கள். மூன்று கடைகளில் அதே சீட்டைக் காட்டி விலை கேளுங்கள். "அதற்குப் பதிலாக இது, இதைவிட நல்லது" என்று ஒரு பொருள் மாறினால், ரேமாக இருந்தால் சிஎல் எண்ணையும், பிராசசராக இருந்தால் கேஷ் அளவையும் கேளுங்கள். விலை ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்தா, சேர்க்காமலா என்று முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்பார்கள். மூன்றாண்டு வாரண்டியை அந்தக் குறைத்த காசுக்கு விற்பதுதான் அது. பெட்டி இல்லாமல் தட்டில் வரும் பிராசசருக்குத் தயாரிப்பாளரின் நேரடி வாரண்டி கிடையாது, விற்பவரின் வார்த்தைதான்.

மதர்போர்டைக் கடையிலேயே திறக்கச் சொல்லுங்கள். ஏஎம்5, எல்ஜிஏ 1700 சாக்கெட்டுகளில் முட்கள் போர்டில் இருக்கின்றன. மேலே இருக்கும் மூடியை எடுத்து, போன் விளக்கைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். முட்கள் வயலில் நாற்று நட்டதுபோல வரிசையாக ஒரே பக்கம் சாய்ந்து மின்ன வேண்டும். ஓர் இடத்தில் மட்டும் ஒளி மாறி விழுந்தால் அங்கே ஒரு முள் வளைந்திருக்கிறது. வீட்டுக்கு வந்தபின் கண்டுபிடித்தால் நீங்கள்தான் வளைத்தீர்கள் என்பார்கள்.

ரைசன் 9000 வரிசைப் பிராசசரை ஏஎம்5-இன் பி650 போர்டில் போடுவதாக இருந்தால் பயாஸ் புதுப்பிக்கப்பட்டதா என்று கேட்டு, இல்லையென்றால் அங்கேயே செய்து வாங்குங்கள். இன்டெலில் எச்610 போர்டு ரேமின் கூடுதல் வேகத்தை அனுமதிக்காது. பி660, பி760 அனுமதிக்கும்.

பத்தாம் படி: முதல் முறை இயக்கும்போது

நான்கு துளைகள் உள்ள போர்டில் இரண்டு ஸ்டிக்கையும் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது துளைகளில் போடுங்கள். பக்கத்துப் பக்கத்தில் போட்டால் பெரும்பாலான போர்டுகளில் இரண்டும் ஒரே தடத்தில் விழுந்துவிடும். பள்ளம் பொருந்துகிறதா என்று பார்த்து, "டக்" என்ற ஓசை வரும்வரை அழுத்த வேண்டும். ஏஎம்4-இல் பழைய கூலரைக் கழற்றும்போது நேராக மேலே இழுக்காதீர்கள். காய்ந்த பசை பிராசசரையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கணினியைச் சற்று நேரம் ஓட்டிச் சூடாக்கி, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, கூலரை இட வலமாக மெல்லத் திருகி எடுங்கள்.

அக்கா மகன் கடைசியில் வாங்கியது ரைசன் 5 7600, 6000 சிஎல்36 வேகத்தில் இரண்டு 8 ஜிபி ஸ்டிக், மிச்சப் பணத்தில் ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டு. அன்று இரவு ஒன்பது மணிக்கு அவனிடமிருந்து போன் வந்தது.

"மாமா, விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது. ரேம் போய்விட்டது போலிருக்கிறது. அணைத்து அணைத்துப் போடுகிறேன்."

"அணைக்காதே. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்" என்றேன். டிடிஆர்5 போர்டுகள் முதல் முறை இயங்கும்போது ரேமோடு எந்த மின்னழுத்தத்தில், எந்த இடைவெளியில் பேசுவது என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பழகிக்கொள்ளும். அதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். அதுவரை திரையில் ஒன்றும் வராது. நடுவில் அணைத்தால் பாடம் மறுபடியும் முதலிலிருந்து. அவன் அம்மா தட்டில் தோசை வைத்துவிட்டுப் போவது போனில் கேட்டது. இரண்டாவது தோசைக்குள் திரையில் போர்டின் முத்திரை வந்துவிட்டது.

விண்டோஸ் ஏறியதும் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். வேகம் 4800 என்று காட்டியது. காசு கொடுத்தது 6000-க்கு. இது பழுது அல்ல. எல்லா ரேமும் முதலில் பாதுகாப்பான வேகத்தில்தான் எழும்பும். பயாஸுக்குள் போய், ஏஎம்டி போர்டில் எக்ஸ்போ, இன்டெல் போர்டில் எக்ஸ்எம்பி என்று இருக்கும் ஒரே ஒரு வரியை இயக்கிச் சேமிக்க வேண்டும். அதைச் செய்தான். திரை மறுபடியும் கறுத்தது. இம்முறை அவன் கையை வைக்கவில்லை. வேகம் 6000, இரண்டு துளைகளிலும் ஸ்டிக் என்று வந்த திரையைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினான். பில்லையும் ஒரு படம் எடுத்து வைக்கச் சொன்னேன். கடைக்காரர் கொடுத்தது வெப்பத்தாள், ஒரு கோடை தாண்டினால் எழுத்து மறைந்துவிடும்.